கிராமத்தில் ஆபத்து குறைவு. சாவு அதிகம் - ஏன்?
மாரடைப்பு, பாரிசவாயு, புற்றுநோய் பற்றிய ஆராய்ச்சிகள் விவசாயிகளுக்குச் சொல்வது

“உழைத்துச் சாப்பிடுகிறவனுக்கு மாரடைப்பு வராது, அதெல்லாம் பட்டணத்தில் நாற்காலியில் உட்கார்ந்திருப்பவனுக்கு வரும் வியாதி” என்ற எண்ணம் கிராமங்களில் பலருக்கு உண்டு. காரைக்குடியை அடுத்த மானகிரி போன்ற ஊர்களில் மழையையும் கண்மாயையும் நம்பி நெல் போடுகிறவர்கள், செம்மண் மேட்டில் மானாவாரிக் கடலை போடுகிறவர்கள், விடிந்தது முதல் பொழுது சாயும் வரை உடம்பை வளைத்துப் பாடுபடுகிறார்கள். அவர்கள் இப்படி நினைப்பதில் வியப்பில்லை. இந்த எண்ணத்தில் பாதி உண்மை. மறுபாதி உயிரை வாங்கக் கூடியது.

இதை ஓர் உலக ஆராய்ச்சி எண்ணிக்கையாகவே காட்டியிருக்கிறது. கேரளத்தில் பிறந்து கனடா நாட்டில் பணியாற்றும் டாக்டர் சலீம் யூசுப் தலைமையில் நடந்த ஆராய்ச்சி அது. இந்தியா உட்பட 17 நாடுகளில், 628 நகர, கிராமப் பகுதிகளில் 1,56,424 பேரை டாக்டர்கள் தொடர்ந்து கவனித்து வந்தார்கள். சென்னையும் இதில் ஒரு மையம். முடிவுகள் 2014-ஆம் ஆண்டு வெளியாயின.

மாரடைப்பு, பாரிசவாயு என்னும் பக்கவாதம் முதலியவற்றுக்குக் காரணமாகும் குறைகள் நகரத்தாரிடம் அதிகம், கிராமத்தாரிடம் குறைவு என்று தெரிந்தது. அப்படியானால் வியாதியும் கிராமத்தில் குறைவாகத்தானே இருக்க வேண்டும்? ஆனால் ஆயிரம் பேருக்கு ஆண்டொன்றுக்கு நகரங்களில் 4.83 பேரையும், கிராமங்களில் 6.25 பேரையும் இந்த வியாதிகள் தாக்கின. தாக்கப்பட்ட நூறு பேரில் நகரத்தில் 13 அல்லது 14 பேர் இறந்தார்கள். கிராமத்தில் 17 பேர் இறந்தார்கள். பணக்கார நாடுகளில் இறந்தவர்கள் நூற்றுக்கு 6 அல்லது 7 பேர்தான்.

காரணம் விவசாயிக்குப் புரியாததல்ல. ஒருவர் வயலில் பூச்சி நிறைய இருக்கிறது. ஆனால் அவர் தினமும் இலையைத் திருப்பிப் பார்க்கிறார், தாக்குதல் தெரிந்ததும் மருந்து தெளிக்கிறார். இன்னொருவர் வயலில் பூச்சி குறைவு. ஆனால் அவர் வரப்பில் இறங்கியே பார்ப்பதில்லை. அறுவடையில் நஷ்டப்படுகிறவர் இரண்டாமவர்தான். நகரத்தில் ரத்தக் கொதிப்பைக் கண்டுபிடிக்கிறார்கள், மாத்திரை சாப்பிடுகிறார்கள், வியாதி வந்தால் சீக்கிரம் ஆஸ்பத்திரிக்குப் போகிறார்கள். கிராமத்தில் இந்த மூன்றும் தாமதமாகின்றன. உழைப்பு உடம்பைக் காப்பது உண்மை. ஆனால் உழைப்பு மட்டும் போதாது.

இதில் வயதும் முக்கியம். 52 நாடுகளில் நடந்த மற்றோர் ஆராய்ச்சியில், முதல் மாரடைப்பு மற்ற நாட்டாருக்கு ஏறத்தாழ 59 வயதிலும், இந்தியா உள்ளிட்ட தெற்காசிய நாட்டாருக்கு 53 வயதிலும் வருவதாகத் தெரிந்தது. 53 வயது என்பது மகளுக்குக் கல்யாணமும் மகனுக்குப் படிப்பும் பாக்கி இருக்கும் வயது. அந்த வயதில் குடும்பத் தலைவர் படுத்துவிட்டால் முதலில் நகை அடகுக்குப் போகும். பிறகு நிலம் போகும்.

ரத்தக் கொதிப்பு - சத்தம் போடாத எதிரி

பாரிசவாயு ஏன் வருகிறது என்று 32 நாடுகளில் ஆராய்ந்து 2016-இல் முடிவு வெளியிட்டார்கள். பத்துக் காரணங்கள் சேர்ந்தே பாரிசவாயுவில் நூற்றுக்குத் தொண்ணூறு பங்குக்குப் பொறுப்பு என்று தெரிந்தது. அவற்றில் ரத்தக் கொதிப்பு ஒன்று மட்டுமே ஏறத்தாழ பாதிக்குப் பொறுப்பு.

இதயம் ஒரு பம்பு செட். ரத்தக் குழாய்கள் அதிலிருந்து போகும் பைப்புகள். பைப்பின் உட்புறம் உப்புப் படிந்து துவாரம் குறுகினாலோ, கடைசி வால்வைப் பாதி மூடினாலோ, உள்ளே அழுத்தம் ஏறுகிறது. மோட்டார் திணறுகிறது. பலவீனமான இடத்தில் பைப்பு வெடிக்கிறது. உடம்பிலும் இதுவே நடக்கிறது. மூளைக்குப் போகும் குழாய் அடைத்துக் கொண்டாலும், வெடித்தாலும் பாரிசவாயு. இதயத் தசைக்கு ரத்தம் கொண்டு போகும் குழாய் அடைத்துக் கொண்டால் மாரடைப்பு. எப்போதும் அதிக அழுத்தத்தை எதிர்த்து வேலை செய்து இதயமே தளர்ந்து போவதும் உண்டு.

பம்பு செட் திணறினால் சத்தத்தில் தெரிந்துவிடும். ரத்தக் கொதிப்பு அப்படித் தெரிவதில்லை. தலைவலி, கிறுகிறுப்பு வந்தால்தான் கொதிப்பு என்று நினைப்பது தவறு. பெரும்பாலோருக்கு எந்த அறிகுறியும் இருக்காது. கையில் பட்டை கட்டி அளந்து பார்ப்பது ஒன்றே வழி. பல முறை அளந்தும் 140-க்கு 90 என்ற அளவிலோ அதற்கு மேலோ இருந்தால் டாக்டரின் கவனிப்பு வேண்டும்.

தமிழ்நாட்டில் 2020-இல் எடுத்த கணக்கெடுப்பில், வயது வந்தவர்களில் மூன்றில் ஒருவருக்கு ரத்தக் கொதிப்பு இருப்பது தெரிந்தது. அது கட்டுக்குள் இருந்தவர்கள் பத்தில் ஒருவர்கூட இல்லை. பலருக்கு வியாதி இருப்பதே தெரியாது. தெரிந்தவர்களிலும் பலர் மாத்திரையைப் பாதியில் நிறுத்திவிடுகிறார்கள். “இப்போது நன்றாக இருக்கிறது, மாத்திரை எதற்கு?” என்பது அவர்கள் சொல்லும் காரணம். பயிர் பச்சையாக இருக்கிறது என்று தண்ணீரை நிறுத்துகிறவர் உண்டா? பாய்ச்சுவதால்தானே பச்சையாக இருக்கிறது! மாத்திரையும் அப்படித்தான். டாக்டர் சொல்லாமல் நிறுத்தக்கூடாது.

உப்பைக் குறைப்பது எப்படி?

உவர் ஏறிய நிலம் பயிரை வளரவிடாது என்பது தெரிந்ததே. உடம்பிலும் உப்பு அதிகமானால் ரத்தக் குழாயில் அழுத்தம் ஏறுகிறது. ஒருவருக்கு நாளொன்றுக்கு மொத்தம் 5 கிராமுக்குக் குறைவான உப்பே போதும் என்கிறது உலக சுகாதார நிறுவனம். அதாவது தலை தட்டிய ஒரு சிறு கரண்டி. சோறு, குழம்பு, பலகாரம் எல்லாவற்றிலும் சேருவதும் இந்தக் கணக்கில்தான்.

கஞ்சிக்கு உப்பு, கடித்துக்கொள்ள ஊறுகாய், பிறகு வற்றல், அப்பளம், கருவாடு என்று சேர்ந்தால் காலை வேளையிலேயே அந்த அளவு தாண்டிவிடும். வெயிலில் வேர்வை சிந்துகிறவருக்கு உப்பு வேண்டாமா என்று கேட்கலாம். வேண்டும். ஆனால் மூன்று வேளைச் சாப்பாட்டில் உள்ள உப்பே சாதாரணமாக அதற்குப் போதும். வெயிலுக்கு முதல் தேவை தண்ணீரும் நீர்மோரும்தான். ஊறுகாயைத் தினப்படி என்பதிலிருந்து எப்போதாவது என்று மாற்றினாலே பெரிய லாபம். கஞ்சிக்குச் சின்ன வெங்காயமும் கீரையும் நல்ல துணை.

சீனாவில் 600 கிராமங்களில் ஏறத்தாழ 21,000 பேரை வைத்து ஒரு சோதனை நடத்தி 2021-இல் முடிவை வெளியிட்டார்கள். பாதிக் கிராமங்களுக்குச் சாதாரண உப்புக்குப் பதிலாக, முக்கால் பங்கு சாதாரண உப்பும் கால் பங்கு பொட்டாசியம் உப்பும் கலந்த உப்பைக் கொடுத்தார்கள். வேறொன்றையும் மாற்றவில்லை. அந்தக் கிராமங்களில் பாரிசவாயு நூற்றுக்கு 14 பங்கு குறைந்தது. ஆனால் சிறுநீரகக் கோளாறு உள்ளவர்களுக்குப் பொட்டாசியம் உப்பு ஆபத்து. சில கொதிப்பு மாத்திரைகளுடனும் இது ஒத்துவராது. டாக்டரைக் கேட்காமல் வாங்கக்கூடாது. சாதாரண உப்பைக் குறைப்பதற்கோ காசும் வேண்டாம், சீட்டும் வேண்டாம்.

சோறு எவ்வளவு?

சர்க்கரை வியாதி உள்ளவர்களுக்கு மாரடைப்பும் பாரிசவாயுவும் மற்றவர்களைவிட அதிகமாக வருகின்றன. 21 நாடுகளில் 1,32,000-க்கு மேற்பட்டவர்களை ஆராய்ந்து 2020-இல் வெளியிட்ட முடிவில், நாளொன்றுக்கு 450 கிராமும் அதற்கு மேலும் வெள்ளைச் சோறு சாப்பிட்டவர்களுக்குச் சர்க்கரை வியாதி வரும் வாய்ப்பு அதிகமாக இருந்தது. இந்தத் தொடர்பு தெற்காசிய நாடுகளில்தான் பலமாகத் தெரிந்தது. நெல் விளைவிக்கிறவர் சோற்றை விட வேண்டியதில்லை. தட்டில் சோற்றின் பங்கைக் குறைத்துப் பருப்பு, பயறு, காய், கீரை இவற்றின் பங்கைக் கூட்ட வேண்டும். அதிகம் தீட்டாத அரிசி நல்லது. வாரத்தில் சில நாள் கேழ்வரகும் வரகும் சேர்க்கலாம்.

காய்கறி, பழம், பயறு மூன்றும் சேர்ந்து நாளொன்றுக்கு 375 முதல் 500 கிராம் வரை சாப்பிட்டவர்களிடையே சாவு குறைவு என்று 2017-இல் வெளியான ஆராய்ச்சி சொல்கிறது. இதற்குக் கடைக்குப் போக வேண்டிய அவசியம் இல்லை. வரப்பில் தட்டைப்பயறும் துவரையும், கொல்லையில் முருங்கையும் அகத்தியும், கிணற்று மேட்டில் இரண்டு பப்பாளியும் வாழையும் வைத்தால் வீட்டுத் தேவையில் பெரும்பகுதி தீரும். விளைந்த காயெல்லாம் சந்தைக்குப் போய், வீட்டுக்கு ஊறுகாய் மட்டும் மிஞ்சுவது சரியான கணக்கல்ல.

புகையிலை - மூன்று வியாதிக்கும் ஒரே வேர்

மாரடைப்பு, பாரிசவாயு, புற்றுநோய் மூன்றுக்கும் பொதுவான வேர் ஒன்று இருந்தால் அது புகையிலை. பீடி, சிகரெட் ரத்தக் குழாயைக் கெடுக்கின்றன. நுரையீரல், தொண்டை, வாய் முதலிய இடங்களில் புற்றுநோயை உண்டாக்குகின்றன. மெல்லுகிற புகையிலை வாய்ப் புற்றுநோயை உண்டாக்குகிறது. புகையிலை இல்லாமல் வெற்றிலை பாக்கு மட்டும் போட்டால் தீங்கில்லை என்று பலர் நினைக்கிறார்கள். பாக்குமே புற்றுநோய் உண்டாக்கும் பொருள்தான் என்று உலக சுகாதார நிறுவனத்தைச் சேர்ந்த புற்றுநோய் ஆராய்ச்சி அமைப்பு 2004-இல் அறிவித்துவிட்டது.

செட்டிநாட்டில் தாம்பூலம் மரியாதைக்குரிய பொருள். தட்டை எடுத்து வைப்பதும் வாங்கிக் கொள்வதும் மரியாதை. அதை நாள் முழுவதும் வாயில் அடக்கி வைத்திருப்பது மரியாதையில் சேர்ந்ததல்ல.

வாயில் வெள்ளைத் திட்டு, சிவப்புத் திட்டு, இரண்டு மூன்று வாரமாகியும் ஆறாத புண், வாய் திறப்பது வரவரக் குறைவது - இவற்றில் ஒன்று கண்டாலும் காட்ட வேண்டும். திருவனந்தபுரம் மாவட்டத்தில் பயிற்சி பெற்ற சுகாதாரப் பணியாளர்கள் வீடு வீடாகப் போய் வாயைப் பரிசோதித்தார்கள். 2005-இல் வெளியான முடிவின்படி, புகையிலை அல்லது குடிப் பழக்கம் உள்ளவர்களிடையே வாய்ப் புற்றுநோய்ச் சாவு மூன்றில் ஒரு பங்கு குறைந்தது. வெளிச்சத்தில் வாயைத் திறந்து பார்த்ததுதான் அங்கே நடந்த பரிசோதனை!

பழக்கத்தை எந்த வயதில் விட்டாலும் லாபம் உண்டு. பீடி, சிகரெட்டை விட்ட ஓராண்டில், அவற்றால் வரும் மாரடைப்பு ஆபத்து ஏறத்தாழப் பாதியாகக் குறைகிறது.

திண்டுக்கல் பெண்கள் காட்டிய வழி

கருப்பை வாய்ப் புற்றுநோய் கிராமத்துப் பெண்களை அதிகம் வாட்டும் வியாதி. புற்றாக மாறுவதற்குப் பல ஆண்டுகள் முன்பே அந்த இடத்தில் மாறுதல் தோன்றிவிடும். அப்போதே கண்டால் முழுவதும் தடுத்துவிடலாம்.

திண்டுக்கல் மாவட்டக் கிராமங்களில் 2000 முதல் 2003 வரை ஒரு பெரிய சோதனை நடந்தது. 30 முதல் 59 வயது வரையுள்ள 31,343 பெண்களைப் பயிற்சி பெற்ற நர்சுகள் பரிசோதித்தார்கள். விலை உயர்ந்த கருவி எதுவும் இல்லை. நீர்த்த அசெட்டிக் அமிலத்தை, அதாவது காடித் தண்ணீரைப் போன்ற ஒன்றை, கருப்பை வாயில் தடவி ஒரு நிமிடம் பார்ப்பார்கள். மாறுதல் உள்ள இடம் வெளுத்துக் காட்டும். ஆரம்ப நிலையில் இருந்தவர்களுக்குக் கடுங்குளிர்ச்சியால் அந்த இடத்தை அழிக்கும் சிகிச்சை கிடைத்தது. 2007-இல் முடிவு வந்தது. பரிசோதனை நடந்த கிராமங்களில் இந்தப் புற்றுநோய் வருவது நான்கில் ஒரு பங்கும், அதனால் ஏற்படும் சாவு மூன்றில் ஒரு பங்குக்கு மேலும் குறைந்திருந்தன.

அழைக்கப்பட்டும் மூன்றில் ஒரு பெண்ணுக்கு மேல் பரிசோதனைக்கு வரவில்லை. வெட்கமும் வேலையும் தடுத்திருக்கும். கணவன்மார் இதில் செய்யக்கூடியது ஒன்று உண்டு: அன்று ஒரு நாள் களையெடுப்பைத் தள்ளி வைப்பது. தீட்டு நின்ற பிறகு ரத்தம் படுவது, இடையில் ரத்தம் படுவது, துர்நாற்றமுள்ள வெள்ளைப்படுதல், மார்பில் கட்டி - இவை தெரிந்தால் ஒரு வாரம்கூடத் தள்ளக்கூடாது.

கடலையில் பூஞ்சணம் - ஈரலுக்கு விஷம்

விவசாயி தன் கையாலேயே தடுக்கக்கூடிய புற்றுநோய்க் காரணம் ஒன்று உண்டு. ஈரக்கடலையிலும் மக்காச்சோளத்திலும் வளரும் ஒரு பச்சை மஞ்சள் பூஞ்சணம் அப்ளாடாக்சின் என்ற விஷத்தை உண்டாக்குகிறது. 1960-இல் இங்கிலாந்தில் ஒரு லட்சத்துக்கு மேற்பட்ட வான்கோழிகள் செத்து விழுந்தபோதுதான் இது தெரிய வந்தது; காரணம் தீவனத்தில் இருந்த கடலைப் பிண்ணாக்கு. 1974-இல் ராஜஸ்தான், குஜராத் எல்லையில் மழையில் நனைந்து பூஞ்சணம் பிடித்த மக்காச்சோளத்தைச் சாப்பிட்ட பழங்குடி மக்களில் 397 பேருக்கு ஈரல் நோய் கண்டது. 106 பேர் மாண்டார்கள். சிறிது சிறிதாக ஆண்டுக்கணக்கில் உள்ளே போனால் ஈரல் புற்றுநோய் வரலாம். ‘பி’ வகைக் காமாலைக் கிருமி உடம்பில் உள்ளவர்களுக்கு இந்த ஆபத்து பல மடங்கு.

கடலையைப் பிடுங்கியதும் குவித்து வைக்கக்கூடாது. காய் மேலாக இருக்கும்படி பரப்பிக் காயவிட வேண்டும். குலுக்கினால் பருப்பு கலகலவென்று சத்தம் போடும் வரை காய வேண்டும். ஈரம் நூற்றுக்கு 8 பங்குக்கு மேல் இருக்கக்கூடாது. உடைபடாமல் இருக்கத் தண்ணீர் தெளித்து உரிப்பது பூஞ்சணத்தை விருந்துக்கு அழைப்பது போல. சுருங்கிய, நிறம் மாறிய, வெட்டுப்பட்ட, பூஞ்சணம் பூத்த பருப்பைப் பொறுக்கி எறிய வேண்டும். வறுத்தால் விஷம் முழுவதும் போகாது. “நமக்கு வேண்டாம், மாட்டுக்கு ஆகட்டும்” என்றும் வைக்கக்கூடாது. மாடு தின்றால் விஷம் பாலில் இறங்கும். அந்தப் பால் வீட்டுக் குழந்தைக்குத்தான் வருகிறது.

வந்துவிட்டால் நேரமே மருந்து

நெஞ்சின் நடுவில் கல்லைத் தூக்கி வைத்தாற்போல் இறுக்கம், இடது கை அல்லது தாடைக்குப் பரவும் வலி, குளிர்ந்த வேர்வை, மூச்சுத் திணறல் - இவை மாரடைப்பின் அடையாளங்கள். வாயுப் பிடிப்பு என்று சோடா குடித்து, ஓமத் தண்ணீர் குடித்து இரவைக் கழிப்பதால்தான் பல உயிர்கள் போகின்றன. பெண்களுக்கும் சர்க்கரை வியாதி உள்ளவர்களுக்கும் வலி தெளிவாகத் தெரியாமல் களைப்பும் மூச்சுத் திணறலும் மட்டும் இருக்கலாம். தமிழக அரசு 2023-இல் ‘இதயம் காப்போம்’ திட்டத்தைத் தொடங்கி, மாரடைப்புக்கு உடனே கொடுக்க வேண்டிய மாத்திரைகளை ஆரம்ப சுகாதார நிலையங்களிலும் துணை சுகாதார நிலையங்களிலும் வைக்க ஏற்பாடு செய்தது. பெரிய ஆஸ்பத்திரிக்குப் போகும் முன் கிடைக்கும் அந்த முதல் வேளை மருந்து உயிரைக் காக்கும்.

வாய் ஒருபக்கம் கோணுவது, ஒரு கை தூக்க முடியாமல் விழுவது, பேச்சுக் குழறுவது - இவை திடீரென்று வந்தால் பாரிசவாயு. அடைப்பினால் வந்த பாரிசவாயுவுக்கு ரத்தக் கட்டியைக் கரைக்கும் ஊசி உண்டு. ஆனால் நாலரை மணி நேரத்துக்குள் போட வேண்டும். அதற்கு முன் மூளையை ஸ்கேன் எடுத்து, அடைப்பா வெடிப்பா என்று பார்த்தாக வேண்டும். ஆகவே ஸ்கேன் வசதி உள்ள ஆஸ்பத்திரிக்கு நேராகப் போக வேண்டும். எண்ணெய் தேய்ப்பதிலும் புறா ரத்தம் தடவுவதிலும் போகும் மணி நேரம் திரும்பி வராது. விழுங்க முடியாத நிலையில் தண்ணீரோ காப்பியோ ஊற்றினால் மூச்சுக் குழாயில் போய்விடும். 108-க்குப் போன் செய்யும்போது “பேச்சுக் குழறுகிறது, கை விழுந்துவிட்டது” என்று சொல்லி, எத்தனை மணிக்கு ஆரம்பித்தது என்பதையும் சொல்ல வேண்டும்.

செய்ய வேண்டியவை

30 வயது கடந்த ஒவ்வொருவரும், ஆணானாலும் பெண்ணானாலும், ஆண்டுக்கு ஒரு முறையாவது ரத்தக் கொதிப்பும் சர்க்கரையும் பார்த்துக் கொள்ள வேண்டும். நடவுக்கு முன்போ அறுப்புக்குப் பின்போ ஒரு நாளை இதற்கென்று ஒதுக்கிவிடலாம். ஆரம்ப சுகாதார நிலையத்தில் பரிசோதனையும் மாத்திரையும் இலவசம். 2021 ஆகஸ்ட் 5-ஆம் தேதி கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில் தொடங்கிய ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டத்தில் இந்த மாத்திரைகள் வீட்டுக்கே வருகின்றன. பணியாளர் வரும் நேரத்தில் வயலில் இருப்பவர்கள், பெயரையும் மாத்திரைச் சீட்டையும் வீட்டில் சொல்லி வைக்க வேண்டும்.

மாத்திரை தீர்ந்த பிறகு தேடுவதைவிட, இன்னும் ஒரு வாரத்துக்கு இருக்கும்போதே சொல்லி வாங்குவது நல்லது. விதை நெல்லைப் பத்திரப்படுத்தும் வீட்டில் இது முடியாத காரியமல்ல.